அடுப்பின் தொண்டை

அடுப்பு வைத்த அன்று அந்தச் சமையலறையில் இருந்தவர்கள்:

பிளாக் ஆபீசிலிருந்து வந்த கிராம சேவிகா ஜெயம். வெள்ளைச் சேலை, முழங்கை வரைக்கும் சேறு.

கொத்தனார் கௌஸ் பாஷா. கூரை ஓட்டைப் பிரித்துப் புகைக்குழாயை வெளியே ஏற்ற வந்தவர். பாதி நேரம் கூரை மேலேயே இருந்ததால் கீழே நின்றவர்களுக்கு அவருடைய கால்கள் மட்டும்தான் தெரிந்தன.

வீட்டுக்காரன் தாண்டவராயன். செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருப்பவன். அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. வீட்டு வேலைக்குக் கை கொடுக்கவும் இல்லை.

அவன் மனைவி உண்ணாமலை. இடுப்பில் ரெண்டு வயசுப் பையன் சிங்காரம். மாசக்கணக்கில் இருமிக்கொண்டிருந்தவள். அவளுக்காகத்தான் அடுப்பு.

பக்கத்து வீட்டுச் செல்லம்மாள். தன் கூரை வீட்டின் மேல் பொறி விழும் என்று சண்டை போட வந்தவள். சண்டை முடிந்த பிறகும் போகாமல் நின்றாள்.

தாண்டவராயனின் தாயார் சுந்தராம்பாள்.

அங்கே இல்லாத ஒருத்தியையும் சொல்ல வேண்டும். சுந்தராம்பாளின் மகள் ஞானம்பாள். கல்யாணப் பேச்சு நடந்துகொண்டிருந்த வயசில் இதே வீட்டில் இருமி இருமி, கடைசியில் ரத்தமாகத் துப்பிச் செத்தவள். அவள் போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் அந்த வீட்டில் யார் இருமினாலும் சுந்தராம்பாளின் காதில் விழுவது ஞானம்பாளின் இருமல்தான்.

சீனாக்காரனோடு சண்டை வந்ததற்கு முந்தின வருஷம் அது. புகையில்லா அடுப்பு என்று ஒன்று வைத்துக் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, பிளாக் ஆபீசுக்கு நடையாய் நடந்து ஜெயத்தைக் கூட்டிவந்ததே சுந்தராம்பாள்தான். ஆடியில் வருகிறேன் என்றவளை, ஆடியில் புது அடுப்பு ஆகாது என்று ஆவணி பிறக்கும் வரை காக்கவைத்தவளும் அவள்தான். மருமகளின் இருமல் புகையால் வந்ததாக இருக்கட்டும், வேறு எதுவாகவும் இருக்க வேண்டாம் என்பது அவளுடைய வேண்டுதல். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த வேறு எதுவோவின் பெயரையும் சொல்ல வேண்டியிருக்கும்.

ஜெயம் ஏரி மண்ணையும் உமியையும் சாணியையும் மிதித்துக் குழைத்து அடுப்பைக் கட்டினாள். விறகு வைக்க ஒரு வாய். அதன் மேல் சோற்றுப் பானைக்கு ஒரு கண், பின்னால் குழம்புக்கு இன்னொரு கண். அதற்கும் பின்னால் சுவரோரம் ஒரு ஓட்டை. அந்த ஓட்டை வழியாகப் புகை சுட்ட மண் குழாய்க்குள் ஏறி ஓட்டுக்கு மேலே போய்விடும். குழாய் கூரை தாங்கும் மூங்கில் வளைகளின் ஊடே போகிற இடத்தில் கௌஸ் பாஷா வளையை ஒரு சாண் தள்ளி அறுத்தார். மண்ணெண்ணெய் டின்னை வெட்டிச் சுற்றிலும் தகடு கொடுத்து, இடுக்கில் களிமண்ணை அடைத்தார். குழாய் சூடேறினாலும் மூங்கிலைத் தொடக்கூடாது என்றார். உச்சியில் பொறி பறக்காமல் ஒரு தொப்பியும் போட்டார். செல்லம்மாளின் சண்டை அந்தத் தொப்பியோடு முடிந்தது.

பிறகு ஜெயம் வரிசையாகச் சொல்லிக்கொடுத்தாள். கண்ணில் சரியாக உட்காருகிற பானையைத்தான் வைக்க வேண்டும். வாய் கொள்ளாமல் விறகைத் திணிக்கக் கூடாது. மல்லாட்டைக் கடலைத் தோலை அள்ளிக் கொட்டினால் குழாயில் கரி பிடிக்கும், பொறியும் பறக்கும். அன்றன்றைய சாம்பலை அன்றன்றே அள்ளிவிட வேண்டும், கங்கு இல்லையென்று பார்த்துவிட்டுத்தான் குப்பையில் கொட்ட வேண்டும். விறகை அடுப்பு வாயோரம் காயப்போடக் கூடாது. அடுப்பு எரியும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும். மண்ணில் வெடிப்பு விட்டால் புகை கசியும், உடனே பூசிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் சுந்தராம்பாள் தலையாட்டினாள். ஜெயம் கடைசியாகக் குழம்புக் கண்ணுக்குள் கையை விட்டாள். முஷ்டியை மடக்கி, பின்னாலிருந்த ஓட்டைக்குள் நுழைத்து, வெளியே எடுத்தாள்.

"இதுதான் இதோட தொண்டை. ஒரு கை போய் வரணும். தொண்டை அடைச்சா நமக்கு எப்படியோ அப்படித்தான் இதுக்கும்."

கற்பூரம் காட்டிப் பால் காய்ச்சினார்கள். சுள்ளி பற்றியதும் நெருப்பு பின்பக்கம் சாய்ந்தது. யாரோ சூடான ரசத்தை உறிஞ்சிக் குடிக்கிற மாதிரி குழாய்க்குள் ஒரு சத்தம் கேட்டது. வீட்டுக்குள் புகை இல்லை. எல்லோரும் வெளியே ஓடிக் கூரையைப் பார்த்தார்கள். தொப்பிக்குக் கீழேயிருந்து வெள்ளையாய் வந்துகொண்டிருந்தது.

"ஒங்க வூட்டுப் புகைய ஊருக்குப் பங்கு வச்சிட்டியா?" என்றாள் செல்லம்மாள். "இனிமே நாங்க இருமறோம்."

உண்ணாமலை சிரித்தாள். சிரித்தால் இருமல் வரும் என்று அவள் சிரிப்பதையே விட்டிருந்தாள்.

புரட்டாசிக்குள் இருமல் பாதியாகக் குறைந்தது. பாதி குறைந்ததும் சுந்தராம்பாளுக்குப் பயம் அதிகமானது. கைக்கு வந்ததைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டுமே. விடியற்காலையில் ஈரச் சாணியைக் கையில் அள்ளிக் குனிந்து நிமிர்ந்தால் மருமகளுக்கு நெஞ்சில் குளிர் ஏறிவிடும் என்று, அடுப்பு மெழுகுகிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டாள். உண்ணாமலை வேண்டாமென்றாள். "நீ போய்ப் படு" என்று விரட்டினாள். மாமியார் மருமகளைப் படுக்கச் சொல்லி விரட்டுகிற வீடு செஞ்சியில் இது ஒன்றுதான் என்று செல்லம்மாள் ஊரெல்லாம் சொன்னாள்.

சுந்தராம்பாள் சுத்தக்காரி. மெழுகாத அடுப்பில் சமைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. பழைய அடுப்பு திறந்த அடுப்பு. மூணு குமிழ், ஒரு குழி. எத்தனை பூச்சு பூசினாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. இந்த அடுப்புக்கோ உள்ளே வயிறு இருந்தது. கையை விட்டுத் தடவினால் தினம் ஒரு வெடிப்பு விரலில் தட்டியது. வெடிப்பு விடக் கூடாது என்று பிளாக்கு அம்மா சொல்லியிருக்கிறாள். செம்மண்ணும் சாணியும் வைக்கோல் தூளும் குழைத்து, மூன்று விரலால் அள்ளி, உள்ளே விட்டு இழுப்பாள். பகல் முழுக்க அடுப்பு எரிந்து அந்தப் பூச்சு காயும். காய்ந்தால் வெடிக்கும். மறுநாள் அதன் மேல் இன்னொரு பூச்சு. வெள்ளிக்கிழமையானால் ஒன்றுக்கு ரெண்டு. வெளியே காவியும் கோலமும். அடுப்பு பார்ப்பதற்குக் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது. ஜெயம் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவள், வாசலில் நின்றே எட்டிப் பார்த்து, இந்த பிளாக்கிலேயே இதுதான் அழகான அடுப்பு என்று சொல்லிவிட்டுப் போனாள். உள்ளே வந்து கையை விட்டுப் பார்க்கவில்லை. அழகாயிருப்பதை யாரும் சோதிப்பதில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. விறகு நனைந்தது. வீட்டுக்குள் கொஞ்சம் புகை வந்தது. ஈர விறகு புகையத்தான் செய்யும் என்றார்கள். கார்த்திகையில் இன்னும் கொஞ்சம் வந்தது. பிறந்ததிலிருந்து புகையில் சமைத்தவர்களுக்குக் கொஞ்சம் புகை புகையாகவே தெரிவதில்லை. சமைப்பது உண்ணாமலை. சுந்தராம்பாள் கையை விடுவது அடுப்பு அணைந்து கிடக்கிற நேரத்தில். நெருப்பு உறிஞ்சுகிற சத்தம் எப்போது நின்றது என்று யாருக்கும் தெரியாது.

இருமல் திரும்பி வந்தது. போன தடவையைவிடக் கனமாக வந்தது.

சுந்தராம்பாள் மருமகள் துப்புகிற இடத்தில் சாம்பலைக் கொட்டி வைத்தாள். அவள் போன பிறகு குச்சியால் கிளறிப் பார்ப்பாள். சிவப்பு இல்லை. ஞானம்பாளுக்கும் முதலில் சிவப்பு இல்லை. ஆஸ்பத்திரியில் உண்ணாமலைக்குப் பாட்டில் மருந்து கொடுத்து, நெஞ்சைப் படம் எடுத்து வரச் சொல்லியிருந்தார்கள். தாண்டவராயன் கூட்டிப்போகிறேன் என்றான். அம்மா வேண்டாமென்றதும் சைக்கிள் டியூபுக்கு ஒட்டுப்போடப் போய்விட்டான். ஞானம்பாளுக்குப் படம் எடுத்தார்கள். எடுத்ததும் நோய்க்குப் பெயர் வந்தது. பெயர் வந்ததும் தெருவில் தண்ணீர் கொடுப்பவர்கள்கூட எட்ட நின்று கொடுத்தார்கள். படம் வேறு ஒன்றையும் செய்யவில்லை என்பது சுந்தராம்பாளின் கணக்கு.

ஒருநாள் சாயங்காலம் சிங்காரம் அம்மாவின் மடியில் உட்கார்ந்து, அவள் இருமுகிற மாதிரியே நடித்துக் காட்டிச் சிரித்தான். சுந்தராம்பாள் பையனைப் பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது அவள் முகம் கல்லாகிவிட்டிருந்தது.

"நீ ஒங்கம்மா வூட்டுக்குப் போய் ஒடம்பத் தேத்திக்கினு வா."

உண்ணாமலைக்குப் புரிந்துவிட்டது. "புள்ள?" என்றாள்.

"புள்ள இங்க இருக்கட்டும்."

"அவனுக்கு என் காதப் புடிச்சிக்கினாத்தான் தூக்கம் வரும், அத்தே."

"எனக்கும் காது இருக்குது."

உண்ணாமலை புருஷனைப் பார்த்தாள். அவன் கோட்டை மலையைப் பார்த்தான். அது எங்கேயும் போகப்போவதில்லை, அப்புறம் பார்த்திருக்கலாம். மறுநாள் காலை பஸ்ஸில் அவளை அனந்தபுரத்தில் விட்டுவிட்டு வந்தான். வந்தவன் சாப்பிடாமல் கடைக்குப் போனான். அவன் கோபம் அவ்வளவுதான்.

இனி சமையல் சுந்தராம்பாளுக்கு. முதல் நாளே கண் எரிந்தது. அழுததால் இருக்கும் என்று நினைத்தாள். அழுததும் உண்மைதான், பையன் ராத்திரி அவள் காதைப் பிடித்துப் பார்த்து, இது இல்லை என்று கையை எடுத்துக்கொண்டு விடிய விடிய அழுதான். அவளும் அழுதாள். ரெண்டாம் நாள் தொண்டை கமறியது. அதற்கடுத்த நாள், உலை கொதிக்கும்போது இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நின்ற பிறகும் அது விடவில்லை. வாசலில் ஓடிப்போய்ச் சாம்பலில் துப்பி, தானே குச்சியால் கிளறினாள்.

தனக்கும் ஒட்டிக்கொண்டது என்று நினைத்தாள். மருமகளை விரட்டிய பாவம் இத்தனை சீக்கிரம் வந்துவிட்டதே என்று அங்கேயே குந்தினாள். பையனை யார் பார்ப்பார்கள் என்று யோசித்தாள். அவனைப் பெற்றவளை அனுப்பியாயிற்று. தாண்டவராயனை நம்பி ஒரு கோழிக்குஞ்சைக்கூட விட முடியாது.

குந்தியிருக்கும்போதே இருமல் நின்றது. மூச்சு சீராக வந்தது. எழுந்து உள்ளே போனாள். இருமல் வந்தது. வெளியே வந்தாள். நின்றது. நோய்க்கு வாசற்படி தெரியுமா? ஞானம்பாளின் நோய் எல்லா இடத்திலும் இருமியது. கிணற்றடியிலும், கோயிலிலும், பஸ்ஸிலும்.

நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். உள்ளே உலை கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே குழாய்த் தொப்பிக்குக் கீழே ஒன்றுமே வரவில்லை.

விறகை இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள். சூடு ஆறுகிற வரை பொறுக்கவில்லை. குழம்புக் கண்ணுக்குள் கையை விட்டு, தொண்டையைத் தடவினாள். தினம் தடவிய இடம்தான். அன்றுவரை வெடிப்பைத் தேடிய விரல் அன்றைக்கு ஓட்டையைத் தேடியது. முஷ்டி போகவில்லை. நாலு விரல் போகவில்லை. ரெண்டு விரல் நெருக்கிக்கொண்டு போனது. போன விரலிலும் கரிதான் வந்தது.

கடப்பாரையை எடுத்துக் குத்தினாள். பூச்சு தகடு தகடாகப் பெயர்ந்தது. ஒன்றின் மேல் ஒன்று. ஒவ்வொன்றிலும் வைக்கோல் தூள், ஒவ்வொன்றிலும் மூன்று விரல் இழுத்த தடம். கூடையில் அள்ளி அள்ளிப் போட்டாள். பிறகு சுள்ளியைப் பற்றவைத்தாள். நெருப்பு பின்பக்கம் சாய்ந்தது. ரசம் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சுந்தராம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு தடவை, வலிக்கிற மாதிரி. அப்புறம் நெருப்பை அணைத்து, சாம்பலில் கங்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பையனுக்குச் சட்டை மாட்டினாள்.

அனந்தபுரத்தில் உண்ணாமலையின் அண்ணன் தங்கராசு வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தான். சுந்தராம்பாளைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை. பையன் அவள் இடுப்பிலிருந்து வழுக்கி இறங்கி உள்ளே ஓடினான். உள்ளே உண்ணாமலை ஏதோ சொல்வது கேட்டது.

அவளைப் புதுச்சேரிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தாயிற்று என்றான் தங்கராசு. நெஞ்சில் ஒரு புள்ளிகூட இல்லையாம். அவர்கள் வீட்டில் முற்றத்தில் பந்தல் போட்டுச் சமைக்கிறார்கள், அங்கே வந்த பிறகு இருமல் அடங்கிக்கொண்டு வருகிறது. நாளைக்கு நாலு பேரைக் கூட்டிவந்து பையனைக் கேட்பதாக இருந்தான். அவளைத் திரும்ப அனுப்புகிற பேச்சே கிடையாது.

சுந்தராம்பாள் வாசலிலேயே உட்கார்ந்தாள். மருமகளின் இருமலுக்காகக் காத்திருந்தாள். உள்ளே உண்ணாமலை பையனோடு பேசுகிறாள், தண்ணீர் மொள்கிறாள், சிரிக்கிறாள். வெயில் பந்தலைத் தாண்டிச் சுவரில் ஏறியது. ஒரே ஒரு தடவை இருமல் கேட்டது. சின்னது, எல்லோருக்கும் வருவது.

உண்ணாமலை வெளியே வந்து நின்றாள். சுந்தராம்பாள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பூச்சுத் தகட்டை எடுத்துத் தரையில் வைத்தாள். உள்ளங்கை அகலம், ஒரு பக்கம் கரி, ஒரு பக்கம் மண்.

தங்கராசு கயிற்றை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தான். "பொண்ண அனுப்பிட்டு இப்ப மண்ணக் கொண்டாந்து காட்றீங்களா? ஒங்க ஊர்ல இதான் சீரா?"

உண்ணாமலை குனிந்து அதைக் கையில் எடுத்தாள். தடத்தின் மேல் தன் மூன்று விரலை வைத்துப் பார்த்தாள். தடம் அகலமாயிருந்தது.

"எங்க இருந்திச்சி?"

"தொண்டையில. ஒரு கூடை எடுத்தேன்."

"இது ஒங்க கை அத்தே."

"ஆமா."

மன்னிப்புக் கேட்கிற பழக்கம் சுந்தராம்பாளுக்கு இல்லை. கேட்டிருந்தால் உண்ணாமலைக்கும் எங்கே பார்ப்பதென்று தெரிந்திருக்காது. அவள் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விடியற்காலையில் தன்னைப் படுக்கச் சொல்லி விரட்டிய குரலும், எனக்கும் காது இருக்குது என்ற குரலும் ஒரே வாயிலிருந்து வந்தவை. ரெண்டும் அவளுக்கு நினைவிருந்தது.

"வரேன்," என்றாள். "ஆனா அடுப்பு என்னுது. யாரும் அதுல கை வைக்கக் கூடாது."

"வெடிப்பு விட்டா?"

"நான் பாத்துக்கறேன்."

தங்கராசு வேண்டாமென்றான், கத்தினான், கடைசியில் பஸ் ஏற்றிவிட்டான். ஏற்றும்போது, மறுபடி ஒரு தடவை இவள் தனியாக இங்கே வந்து இறங்கினால் செஞ்சிக்கு வருவது நாலு பேர் அல்ல, நாப்பது பேர் என்று சுந்தராம்பாளின் காதுபடச் சொன்னான். அவள் டிக்கெட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் உண்ணாமலை முதலில் அடுப்புக்குள் கையை விட்டாள். வளையல் உள்ளே தட்டிச் சத்தம் கேட்டது. மீதியிருந்த பூச்சையும் சுரண்டி எடுத்தாள். கௌஸ் பாஷாவைக் கூப்பிட்டுக் குழாயைத் தட்டிக் கரியை இறக்கச் சொன்னாள். அவர் கூரை மேலிருந்து, இது அடுப்பா கரிச்சுரங்கமா என்று கேட்டார். அப்புறம் அவள் புருஷனிடம் ஒரு பூட்டு வேண்டுமென்றாள். கடையில் வாடகை சைக்கிள்களைச் சங்கிலி போட்டுப் பூட்டுகிற பூட்டுகளில் பெரியதாக ஒன்றைத் தாண்டவராயன் கொண்டுவந்து கொடுத்தான். எதற்கு என்று கேட்கவில்லை. இந்த விவகாரத்தில் ஆரம்பத்திலிருந்து அவன் உருப்படியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மறுநாள் மத்தியானம் சமையல் முடிந்தது. உண்ணாமலை ஒரு தடவைகூட இருமவில்லை. சாம்பலை அள்ளித் தண்ணீர் தெளித்துக் கொட்டிவிட்டுத் திரும்பினாள். சமையலறைக்குள் சுந்தராம்பாள் நின்றுகொண்டிருந்தாள். இடது கையில் கொட்டாங்கச்சி, அதில் குழைத்த செம்மண். வலது கையின் மூன்று விரலும் ஏற்கெனவே நனைந்திருந்தன.

"அந்தக் கண்ணோரமா ஒரு வெடிப்பு இருக்குது."

"தெரியும் அத்தே."

"மயிரிழைதான். ஒரே ஒரு இழுப்பு…"

உண்ணாமலை கோபப்படவில்லை. கொட்டாங்கச்சியை வாங்கிக் கீழே வைத்தாள். மாமியாரின் முழங்கையைப் பிடித்து, வயசானவர்களை மேடு பள்ளத்தில் கூட்டிப்போகிற மாதிரி, படி தாண்டி வெளியே கொண்டுவந்து விட்டாள். கதவை இழுத்துச் சாத்தினாள். பூட்டை மாட்டி அழுத்தினாள். இழுத்துப் பார்த்துவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.